நான்கு பத்து

ஜுபைலில் என் வேலை நேரம் எழுதுவது.
டைம் கீப்பர்.
முந்நூற்றுப் பதினாறு பேர்
எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள்,
யாருடைய ஓவர்டைம் யார் கணக்கில் ஏறிவிட்டது.
ஒரே ஆள் ஒரே மணிக்கு
ஆறாம் டேங்கிலும் ஜெட்டியிலும் நின்றதாகத் தாள் வந்தால்
போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்பேன்.

செம்புப் பருந்துக்கு யாரைக் கூப்பிடுவது?

பதினெட்டு இதழ்கள், சாணித்தாள், துருப்பிடித்த பின்.
மூலத்தில் முதலில் வந்தது தமிழில் கடைசியில் வந்தது.
நாலாம் இதழில் அவன் மனைவி லிடியா தேநீர் ஊற்றுகிறாள்.
பதினொன்றில்தான்
"மன்னிக்கவும், தங்கள் பெயர்?" என்கிறாள்.
ஏழில் போர் முடிந்துவிட்டது,
எட்டில் போருக்கு ஆள் எடுக்கிறார்கள்.
முதலில் அவனுக்குப் பறக்கத் தெரியாது,
தாண்டுவான், அவ்வளவுதான்.
பறக்க வந்த பிறகும்
நடுவில் ஓரிரு மாதம் மறந்துபோய்
பஸ்ஸுக்கு நிற்கிறான்.

எழுதியவனைக் குறை சொல்ல மாட்டேன்.
மாதம் ஒன்று, பதின்மூன்று பக்கம்.
அவனிடம் இருந்த ஒரே காலக்கணக்கு
வாடகைத் தேதி.

பழைய டைம்ஷீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
ஓவர்கோட் இருந்தால் குளிர்காலம்.
மரத்தில் இலை இருந்தால் அதற்கு முன்போ பின்போ.
நிலாவை நம்பக் கூடாது,
ஓவியருக்கு வந்தது முழுநிலா மட்டும்.

எல்லாம் ஒருவழியாக உட்கார்ந்தது, ஒன்பதைத் தவிர.
ஒன்பதில் அணை உடைகிறது.
பருந்து தோள் கொடுத்து நிற்கிறான்.
சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து.
பன்னிரண்டில், அதே நாள், அதே செய்தித்தாள்,
மாலை ஆறு வரை
கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடக்கிறான்.

மூன்று மாதம் இதிலேயே நின்றேன்.
"ரெட்டப் பொறவியா இருப்பான்ணே" என்றான்
மேல்கட்டில் தொபியாஸ், போனிலிருந்து கண் எடுக்காமல்.
ரெட்டைப் பிறவி சோம்பேறியின் விடை.
அப்படி எழுதினால் ஆறாம் டேங்க்காரனுக்கும்
ரெண்டு சம்பளம் தர வேண்டும்.

ஸ்டோர் இத்ரீஸுக்கு ஊர் அட்பாரா.
அவன் பெட்டியில் அரபிப் பிரதி ஒன்று, அட்டை போனது.
அவனுக்கு இவன் ஸக்ர்.
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து,
வெல்டிங் ராடுக்கும் கையுறைக் கட்டுக்கும் நடுவே
இரண்டையும் விரித்தோம்.

அவன் கடிகாரத்தில் ஏழு ஐம்பது.

"நீங்கள்தான் வலமிருந்து படிக்கிறீர்கள்,
படத்தைத் திருப்பிவிட்டார்கள்" என்றேன்.
அவன் ஓரத்தைக் காட்டினான்.
அடுத்த கட்டம் எதுவென்று குட்டிக் குட்டி அம்பு.
திருப்பவில்லை.
பிறகு என் பிரதியில் வில்லனின் காரைத் தொட்டான்.
"ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

வலப்பக்கம்.

எங்கள் ஊர் அம்பாசடர் போல வலப்பக்கம்.
எட்டு வயதில் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.
பதினான்கு வருடமாக இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில்
வேலைக்குப் போகிறேன், அப்போதும் தெரியவில்லை.
காவலாளியின் சட்டைப் பை வலது மார்பில்.
பருந்துக்கு அந்த ஒரு மாதம் மட்டும் இடக்கை.

அச்சகத்தில் ஏதோ ஒரு ராத்திரி ஷிப்டில்
யாரோ பிலிமைப் புரட்டி வைத்திருக்கிறார்.
அவர் எத்தனை மணிக்கு வந்தார், தூங்கினாரா,
யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆறுக்குச் சங்கிலி அறுந்தால் ஏழு ஐம்பதுக்கு அணை.
பறக்கவே வேண்டாம்,
தாண்டித் தாண்டி வந்தாலும் சேர்ந்துவிடலாம்.
நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது.
வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"லிடியா?" என்றான் இத்ரீஸ்.
அவளை எந்தப் பக்கம் திருப்பினாலும் தேநீர்தான் முன்னால் வருகிறது.
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டோம்.

அன்று ஸ்டோர் இரண்டே காலிலிருந்து
ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேல் வரை திறந்திருந்தது.
எந்தத் தாளிலும் அதை நான் ஏற்றவில்லை.